நூற்றைம்பதா, இருநூற்றைந்தா?

இரண்டு ஞாயிறுகளுக்கு முன், காலை பத்து இருபதுக்கு, என் தங்கை மல்லிகா அழைப்பிதழ் இல்லாமல் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் மோட்டார் பைக்கில் போய்விட்டாள். ஓட்டியவர் அவள் கணவர். ஆனால் பழி என் மேல்தான். டயரைத் தேர்ந்தெடுத்தவன் நான்!

மாப்பிள்ளை குணசேகரன் ஓய்வு பெற்றதும் பழைய குரூஸர் பைக் ஒன்றை வாங்கினார். சாய்வு நாற்காலிக்கு எஞ்சின் வைத்த மாதிரி இருக்கும். அதை பெங்களூரு பொம்மனஹள்ளி மெக்கானிக் பாஷா பாயிடம் கொடுத்து ஹேண்டிலை உயர்த்தி, சீட்டைத் தாழ்த்தி, பின்பக்கத்தை அகலமாக்கி... ஐந்து மாதம் ஓடிவிட்டது. எல்லாம் எதற்கு? முப்பதாவது கல்யாண நாளுக்கு மல்லிகாவைப் பின்னால் உட்கார வைத்து ஏற்காடு போக வேண்டுமாம்.

சிக்கல் என்னவென்றால், மல்லிகா இரு சக்கர வண்டியில் ஏறி இருபத்திரண்டு வருடமாகிறது. அன்று ஸ்கூட்டர் மணலில் சறுக்கி, இடது முழங்கையில் ஏழு தையல். அதன் பிறகு பஸ், ஆட்டோ, மெட்ரோதான்.

"ஒரே ஒரு தடவ உக்காந்து பாக்குறேன். பயமா இருந்துச்சின்னா எறங்கிடுவேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு தடவை! எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளை பின் டயர் வாங்கக் கிளம்பியபோது அளக்கும் டேப்போடு நானும் கிளம்பினேன்.

பழைய டயரில் 150/80–16 என்றிருந்தது. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். அடுத்தது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம் — அங்குலத்தில்! ஒரே டயரில் மூன்று எண்ணுக்கு மூன்று வகை அளவு. யாருமே இதைக் கேட்பதில்லையா?

அது போகட்டும். பைக் டயரின் அடிப்பக்கம் உருண்டை. தரையைத் தொடுவது சுமார் நான்கு விரல் அகலம். என் தங்கையின் உயிர் நான்கு விரலிலா?

பக்கத்து அடுக்கில் கார் டயர் இருந்தது. 205/60, அதே பதினாறு அங்குல ரிம். பலகை போலத் தட்டை. இரண்டு உள்ளங்கைகளை விரித்து வைத்தேன், அப்படியும் இடம் மீதி. கணக்குப் போட்டேன். மொத்த உயரத்தில் ஆறே மில்லிமீட்டர்தான் வித்தியாசம். இரண்டு பக்கமும் உரசாமல் நுழையும்.

"மச்சான், இது கார் டயரு" என்றார் மாப்பிள்ளை.

"அதனாலதான் சொல்றேன். காரு என்னிக்காவது சறுக்கிக் கீழ விழுந்து பாத்திருக்கீங்களா மாப்ள?"

அவர் கார் டயரை ஒரு முறை உருட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து பார்க்க வண்டி கம்பீரமாக இருக்குமே என்று அவருக்கும் உள்ளூர ஆசை.

பாஷா பாய்தான் முகம் சுளித்தார். "கணக்கு பரோபர், சரிதான் சார். ஆனா பைக் ரிம்ல காரு டயரு சரியா உக்காராது. அதவிட, வளைவுல பைக்கு சாயணும் சார். இது சாயாது."

"சாயாதுல்ல? அதுதானே பாய் நமக்கு வேணும்!"

என்னை ஒரு முறை பார்த்தார். டேப்பை ஒரு முறை பார்த்தார். "ஸ்லோவா, இந்தத் தெருவுல மட்டும் ஓட்டிப் பாருங்க" என்று மாட்டிக் கொடுத்தார்.

ஞாயிறு வந்தது. பாஷா பாய் கடை வாசலில் மல்லிகா ஹெல்மெட் போட்டு, கண்ணை இறுக மூடி, கணவரின் சட்டையை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்து உட்கார்ந்தாள். நேர்த் தெருவில் வண்டி தேர் மாதிரி போனது. "பாத்தீங்களா பாய்?" என்றேன்.

தெரு முடிவில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். மாப்பிள்ளை சாய்த்தார். வண்டி சாயவில்லை. இன்னும் சாய்த்தார். அது நேராக, மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, எதிரே திறந்திருந்த மண்டப வாசலுக்குள்... இரண்டு வாழை மரங்களுக்கும் சரியாக நடுவே நுழைந்துவிட்டது.

ஓடினேன். எழுபத்தொரு வயதில் இருநூற்றுப் பத்து காலடி. ஒவ்வொரு காலடிக்கும் மனசுக்குள் தையல் கூடிக்கொண்டே போனது.

உள்ளே, வரவேற்பில் நின்ற பெண் வந்தவர்கள் யாரென்று கேட்காமலே இருவர் ஹெல்மெட்டிலும் பன்னீர் தெளித்திருந்தாள். கல்யாணப் பெண்ணின் அப்பாவோ யாரோ, "ஊட்டா மாட்கொண்டு ஹோகி" என்று கன்னடத்தில் சாப்பிட்டுப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். மல்லிகா தலை குனிந்து நின்றாள். தோள் குலுங்கியது. போச்சு, அழுகிறாள்.

ஹெல்மெட்டைக் கழற்றினால் — சிரிப்பு! அடக்க முடியாத சிரிப்பு.

"இதுக்காண்ணா இருபத்திரண்டு வருஷமா பயந்துக்கிட்டு இருந்தேன்?" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, இந்த டயர எடுத்தது யாரு?"

மாப்பிள்ளை பந்தலைப் பார்த்தார். பின்னாலேயே வந்து சேர்ந்த பாஷா பாய் மேளக்காரரைப் பார்த்தார். நான் டேப்பைப் பாக்கெட்டுக்குள் தள்ளினேன்.

"பைக் டயரே மாட்டிக் குடுங்க பாய். அடுத்த வாரம் ஏற்காடு போறோம். அண்ணா, நீ எதையும் அளக்காத!"

நியாயம்தான். நிற்கிற வண்டியை அளந்து, ஓடுகிற வண்டிக்குத் தீர்ப்புச் சொன்னவன் நான். பயந்தவன் கையில் டேப் கிடைத்தால் வேறென்ன நடக்கும்?

நேற்று மதியம் ஏற்காட்டிலிருந்து போன் செய்தாள். புது நூற்றைம்பது டயர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"டயரா? பின்னாடி உக்காந்தா டயரு தெரியாதுண்ணா. ஏரிதான் தெரியுது."