கடைசி அரை மணி நேரம்

அவளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அரியக்குடி போகும் சாலையில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, பயத்தில் அவள் தோளைப் பிய்த்தெடுத்தபடி கத்திக்கொண்டே போனேன். அதே ஸ்கூட்டியில்தான் அவள் ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். எங்கள் ஆபீஸில் குழுத்தலைவி ஆகிவிட்டாள், மதுரையில் மூன்று நாள் பயிற்சி. நான் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்?

எங்களுடையது சின்னத் தொண்டு நிறுவனம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நடக்க, உட்கார, பேசச் சிரமப்படும் குழந்தைகளின் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கிறோம். களப்பணியாளர்கள் ஆறு பேர். நான் பதினான்கு வருஷமாக இருக்கிறேன், அவள் வந்து ஆறு வருஷம். குழுத்தலைவி வேலை எனக்குத்தான் என்று ஊரே நினைத்தது. ஊர் கிடக்கட்டும், நான் நினைத்தேன். அதற்கென்று இரண்டு கைத்தறிச் சேலைகூட எடுத்து வைத்துவிட்டேன்.

இயக்குநர் அம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் சொன்னார். "நீங்க ஒரு வீட்டுக்குப் போனா வேலை முடிஞ்சிரும். ஆனா கூட வர்ற புள்ளைக ஒண்ணும் கத்துக்கிறதில்ல. அவுக கை வைக்கிறதுக்குள்ள நீங்களே செஞ்சிர்றீக." நன்றாக வேலை செய்தது ஒரு குற்றமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிக்கொண்டேன். அவளை ஆறு மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகுதான் உறுதி என்றார். சரிவராவிட்டால் அடுத்தது யார் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த ஆறு மாதத்தை நான் விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தேன்.

மதுரையிலிருந்து அவள் தோளில் ஒரு புதுப்பையும் கையில் ஒரு நோட்டுமாக வந்து இறங்கினாள். பதினான்கு வருஷத்தில் எனக்கு நிறுவனம் கொடுத்தது ஒரு குடை. அவளுக்குப் பயிற்சி, பை, நோட்டு, போதாததற்கு வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டு எப்படி இருக்கிறாய், எங்கே தடுமாறுகிறாய் என்று விசாரிக்க மதுரையில் ஒரு அனுபவஸ்தர். என்னை யாராவது அப்படி ஒருநாள் கேட்டிருந்தால் நானும்தான் தலைவியாகி இருப்பேன்.

அங்கே கற்றுக்கொண்டு வந்ததை உடனே ஆரம்பித்தாள். சனிக்கிழமைதோறும் எங்கள் ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் தனியாகப் பேச்சு. நடைவண்டிகளும் பாய்களும் அடுக்கிக் கிடக்கிற சாமான் அறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்பாள்: "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு?" மற்ற பெண்கள் உள்ளே போய் அழுதுவிட்டு, முகம் தெளிந்து வெளியே வருவார்கள். ஒருத்திக்கு வெயிலில் நடக்கிற ஊர்களை மாற்றிக் கொடுத்தாள். இன்னொருத்திக்கு அம்மாவின் ஆபரேஷனுக்கு லீவு வாங்கிக் கொடுத்தாள். நான் வெளியே உட்கார்ந்து அவர்கள் அழுதுவிட்டு வருவதைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டேன்.

என்னை எப்போதும் கடைசியாகத்தான் கூப்பிடுவாள். நாலரை மணி. மூத்தவளைக் கடைசியில் நிறுத்துகிறாளே, என்ன நெஞ்சழுத்தம் என்று கறுவிக்கொண்டே உள்ளே போவேன். முன்பெல்லாம் "ஏத்தா, இங்குட்டு வா" என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். இப்போது வேண்டுமென்றே வாங்க, போங்க. எது கஷ்டம் என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க" என்பேன். அந்த 'ங்க' அவளைக் குத்துவது முகத்தில் தெரியும். எனக்கு அது இனித்தது.

ஐந்தாவது மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம் வந்தது. எங்களுக்குப் பண உதவி செய்கிறவர்கள் சென்னையிலிருந்து பார்க்க வருகிறார்கள். அவளை உறுதி செய்வதா வேண்டாமா என்பது அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். அவள் அழகாக ஒரு அழைப்பிதழ் செய்து அம்மாக்களின் வாட்ஸப் குழுவில் போட்டாள். வருகிறோம் என்று வரிசையாகக் கட்டைவிரல் படம் விழுந்தது. அதை எண்ணிப் பார்த்துவிட்டுத் தொண்ணூறு நாற்காலிக்குச் சொல்லிவிட்டாள். "வெயில்ல நீங்கள்லாம் வீடு வீடா அலைய வேணாம்க்கா. ஆபீஸ் கூட்டந்தானே," என்றாள். எங்கள் சுமையைக் குறைக்கிறாளாம்.

எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் வர மாட்டார்கள். காதுகுத்தோ புதுவீடோ, அடுத்த தெருவாக இருந்தாலும் வாசலேறிப் போய், நாளும் நேரமும் சொல்லி, அந்த வீட்டு மாமியாரைத் தனியாகப் பார்த்து "நீங்களும் வந்திரணும்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மருமகளிடம் மட்டும் சொன்னால் மருமகளும் வர முடியாது. அவளும் உள்ளூர்க்காரிதான், தெரியாததில்லை. ஆபீஸ் காரியத்துக்கு அந்த முறை வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். மாமியார்களுக்கு ஆபீஸ் காரியம், வீட்டுக் காரியம் என்று இரண்டு கிடையாது.

கூட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை நாலரை மணிக்கு அவளே கேட்டாள். "ஏதும் விட்டுப்போச்சாக்கா? நீங்க பாத்தீகன்னா தெரியும்."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். "எல்லாம் நல்லா இருக்குங்க," என்றேன்.

அதோடு நிற்கவில்லை. நேமத்தான்பட்டியிலும் கண்டரமாணிக்கத்திலும் எனக்குப் பதின்மூன்று வீடுகள். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வாசலாக ஏறி, மாமியார்களைக் கும்பிட்டு, முறையாக அழைத்துவிட்டு வந்தேன். பழக்கத்தில் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பழக்கமாவது ஒன்றாவது. என் பதின்மூன்று வீடும் வர வேண்டும், மற்ற நாற்காலியெல்லாம் காலியாகக் கிடக்க வேண்டும், அதை இயக்குநர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அப்படியே நடந்தது. தொண்ணூறு நாற்காலியில் என் பதின்மூன்று குடும்பம், மற்றவர்களில் நாலைந்து பேர். ஆர்டர் கொடுத்த வெள்ளைப் பணியாரம் அண்டாவோடு ஆறிக்கொண்டிருந்தது. சென்னைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவள் வாசலில் நின்று ஒவ்வொரு வீடாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். விருந்தாளி வந்துவிட்டார்கள், அத்தை விடவில்லை என்று ஆளுக்கொரு பதில். அவள் புதுச்சேலை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரை மணி நேரம் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தேன்.

அப்போது என் அம்மாக்களில் ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு இயக்குநரிடம் போனாள். என்னைப் புகழத்தான் போனாள், பாவம். "எங்க டீச்சர் வீட்டுக்கே வந்து அத்தைய அழைச்சாக. போன்ல கூப்புட்டா யாரும் வர மாட்டாக, பாருன்னு அன்னைக்கே சொன்னாக," என்றாள்.

இயக்குநர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பணியார அண்டாவைப் பார்த்தேன்.

கூட்டம் முடிந்ததும் எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னே அவள் முந்திக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான் மேடம். அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்காம விட்டுட்டேன்."

பச்சைப் பொய். அவள் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதவியும் அவளுக்கு, பையும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கா? "கேட்டா மேடம். போன சனிக்கெழமை கேட்டா. நாந்தான் வேணும்னே சொல்லல," என்று போட்டு உடைத்தேன். இதை நேர்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். அதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே போவதைப் பொறுக்க முடியவில்லை. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். முதலில் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, அதே நாலரை மணிக்கு, அதே பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். திட்டுவாள், எழுதி வாங்குவாள் என்று தயாராகத்தான் போனேன். போனைக் கவிழ்த்து வைத்தாள். "இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சுக்கா?"

"உன்னையப் பாக்குறதுதான்த்தா," என்றேன். "ஒவ்வொரு நாளும் காலையில வந்து உன்னையப் பாக்குறதுதான் கஷ்டமா இருக்கு." இந்த வயதில் ஒரு சின்னப் பெண் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் நோட்டில் எதுவும் எழுதவில்லை. "எனக்குத் தெரியும்க்கா. அதான் உங்கள எப்பவும் கடைசியா வச்சேன். உங்ககூடப் பேசிட்டு வேற யார்கிட்டயும் பேச எனக்குத் தெம்பு இருக்காது. மதுரையில அவ்வளவு சொல்லிக் குடுத்தாக. உங்ககிட்ட எப்படிப் பேசுறதுன்னு மட்டும் யாரும் சொல்லிக் குடுக்கல," என்றாள்.

அவமானம் என்று ஐந்து மாதம் நான் நினைத்திருந்த நேரம், அவள் என்னைப் பார்க்கப் பயந்து ஒதுக்கிய நேரம்.

இயக்குநர் அவளுக்கு இன்னும் மூன்று மாதம் கொடுத்தார். அடுத்த கூட்டத்துக்கு அழைக்கிற பொறுப்பை அவள் என்னிடம் விட்டாள், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு நாளும் எங்கள் களப்பணிப் பெண்களில் ஒருத்தியைக் கூட்டிப்போக வேண்டும், அந்தப் பெண்தான் அழைக்க வேண்டும், நான் பின்னால் நிற்க மட்டும் வேண்டும். கண்டரமாணிக்கத்தில் முதல் வீட்டிலேயே கூட வந்தவள் மருமகளிடம் சொல்லிவிட்டு, மாமியாரை மறந்து படியிறங்கினாள். எனக்கு நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாலு அடி போனவள் என் முகத்தைப் பார்த்தாள், நெற்றியில் அடித்துக்கொண்டு திரும்பி உள்ளே ஓடினாள். அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி பற்றவில்லை. அவளைக் குழுத்தலைவியாக உறுதி செய்துவிட்டார்கள்.

பொறாமை போய்விட்டதா என்றால், எங்கே போகும்? அவளுக்கு மதுரையிலிருந்து போன் வருகிறபோதெல்லாம் இப்போதும் உள்ளே ஒன்று சுருக்கென்கிறது. அதையும் சனிக்கிழமை அவளிடமே சொல்லிவிடுகிறேன். நாலரை மணிக்கு உட்கார்ந்தால் சில நாள் எழுந்திருக்க ஆறு ஆகிவிடுகிறது.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, பஸ்ஸுக்குத் தோதாக இருக்கும், அந்தக் கடைசி நேரத்தைத் தனக்கு மாற்றித் தர முடியுமா என்று என்னிடம் பணிவாகத்தான் கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.