சாந்தன்பாறைக்குப் போன தத்துவ மாநாடு

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் நம் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சாந்தன்பாறைக்குப் போய் வந்தேன். வந்து இரண்டு மாதம் ஆகிறது, இடுப்பு வலி இன்னும் போகவில்லை. நான் எழுதப் படிக்கக் கற்றது இந்த வயதில்தான். ஒரு பக்கம் எழுத ஒரு மாலைப்பொழுது போய்விடுகிறது, விரலும் வலிக்கிறது. ஆனாலும் நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் என் பெயர் போட்டு ஒரு கட்டுரை வரவேண்டும் என்று ஆசை. அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற மாலதியை எல்லோருக்கும் தெரியும். இரவு வகுப்பில் எனக்கு ‘அ’ போடச் சொல்லிக் கொடுத்தவள். அவளும் பக்கத்து இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு தத்துவ மாநாடு நடத்த முடிவு செய்தார்கள். ஒரு கேள்வியை நடுவில் வைத்து மாணவர்களே சுற்றி உட்கார்ந்து யோசித்துப் பேசுவது, பெரியவர்கள் வாய் திறக்கக் கூடாது, இவ்வளவுதான் மாநாடு. சாந்தன்பாறை மலையில் ஏலக்காய்த் தோட்டத்துப் பள்ளியையும் சேர்க்க வேண்டும், அவர்களால் இறங்கி வர முடியாது, நாமே போவோம் என்றாள் மாலதி. “தோட்டத்துப் பிள்ளைங்க வாயத் தொறக்குமாக்கும்!” என்று மற்றப் பள்ளிக்காரர்கள் சிரித்தார்கள். தலைமை ஆசிரியர் ஒரே முறை அனுமதி கொடுத்தார். அங்கே யாரும் பேசாவிட்டால் அடுத்த வருடம் முதல் மாநாடு நம் பக்கத்துச் சித்தூரில், மலைப் பள்ளி இல்லாமல்.

துணைக்கு வரவேண்டிய வாத்தியார் காய்ச்சலில் படுத்துவிட்டார். மாலதி என்னிடம் வந்தாள்.

“அப்பாரு, நீங்க வர்றீங்களா? பேச வேண்டாமுங்க, கூட இருந்தாப் போதும்.”

“பேச வேண்டாம்னா வர்றேன் அம்மிணி. அது ஒண்ணுதான் எனக்குச் சுலபம்.”

நானும் ஆறு பிள்ளைகளும் சனிக்கிழமை விடியுமுன் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். பொள்ளாச்சியில் மாறிப் பழனி, பழனியில் மாறி வத்தலக்குண்டு, அப்புறம் தேனி, போடி. ஆளுக்குப் பதினோரு ரூபாய்க்குள் முடிந்தது. மூன்று பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. நின்றே போனேன், கால் வீங்கிவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு வேடிக்கை எனக்கு இருந்தது. வழியில் ஒரு பலகை விடாமல் படித்தேன். சைக்கிள் கடை, பல் டாக்டர், ‘இங்கு எச்சில் துப்பாதீர்’ எல்லாம் படித்தேன். இத்தனை வருடமாக இவை என்னோடு பேசாமல் நின்றிருந்தனவே என்று நினைத்துக்கொண்டேன். இரவு போடியில் சத்திரத்தில் தங்கினோம். கொசு உண்டு, போர்வை கொண்டுபோங்கள்.

மறுநாள் காலை ஜீப். மேலே பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஐந்தாவது வளைவிலேயே இரண்டு பிள்ளைகள் வாந்தி. ஓட்டுநர் பேச்சுக்காரர்.

“பெரியவரே, ஏலக்காய் எடுக்கவா போறீக?”

“இல்லீங்க, தத்துவ மாநாட்டுக்கு.”

“அது எந்தக் கட்சி? கொடியக் காணோம்?”

“கொடி இல்லீங்க. கேள்வி மட்டுந்தான்.”

“கேள்வி மட்டுமா? அப்ப எதிர்க்கட்சிதான்” என்று சொல்லி வளைவை ஒடித்தார்.

போடிமெட்டில் சோதனைச் சாவடி. அங்கிருந்து மறுபடி கேரளம், பலகையெல்லாம் மலையாளம். எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். நேற்று முழுக்கப் படித்துக்கொண்டே வந்தவன், சாவடியின் ஒரு கம்பைத் தாண்டியதும் மறுபடி கைநாட்டுக்காரன் ஆகிவிட்டேன். பூப்பாறை வழியாகச் சாந்தன்பாறை போய்ச் சேரும்போது குளிரில் பல் கிட்டியது.

எங்களை வரவேற்றவள் பேச்சி. ஒன்பதாம் வகுப்பு, தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கிற பெண். மாலதிக்குக் கடிதம் எழுதி எல்லா ஏற்பாடும் செய்தவள் அவள்தான். மாநாட்டுக்கு அகலமான, சமமான இடம் வேண்டும் என்று மாலதி கேட்டிருந்தாள். பேச்சி தோட்டத்தில் அனுமதி வாங்கிப் பெரட்டுக்களத்தைப் பெருக்கி வைத்திருந்தாள். தினமும் காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற களம் அது.

மலைப் பள்ளிப் பிள்ளைகள் இருபதுக்கு மேல் வந்தார்கள். வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். வட்டமாக உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார்கள், ஆனால் முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு. மாலதி கேள்வியைச் சொன்னாள்: ‘மாறிப் போன பிறகும் ஒரு ஆள் அதே ஆள்தானா?’

ஒருவரும் பேசவில்லை. எங்கள் பிள்ளைகள் ஆறு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். எதைக் கேட்டாலும் மலைப் பிள்ளைகள் “ஆமாங்க” என்றார்கள். தவித்துப்போன மாலதி பெயர்ப் பட்டியலை எடுத்துப் பேர் கூப்பிட்டாள். “வந்தாச்சு”, “வந்தாச்சு” என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு மறுபடி ஊமையானார்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவன் வாயைப் பொத்திச் சிரித்தான். மாலதியின் கண் கலங்கிவிட்டது. தேநீர் குடிக்கக் கலைந்தார்கள்.

எனக்கு நிற்க முடியவில்லை. சூடு தேடி, ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். உள்ளே பெண்கள் காய்ந்த காயைக் குவித்து வைத்து, பச்சை மங்காத காய், வெடித்த காய் என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வண்டன்மேட்டு ஏலத்துக்குப் போக வேண்டிய சரக்கு. அந்த ஊமைப் பிள்ளைகளும் அங்கேதான் இருந்தார்கள், அம்மாக்களுக்குப் பக்கத்தில், கையில் காயோடு. காது கிழிகிற சத்தம்.

“செடியில இருந்த காயும் இதும் ஒரே காயிதான்லே!”

“எப்பிடிலே ஒண்ணு? அதப் போட்டா மொளைக்கும். இதச் சூட்டுல வாட்டியாச்சு, மொளைக்குமா?”

“அப்ப இது செத்த காயி.”

“செத்த காயிக்குத்தான் வெலை சாஸ்தி” என்றாள் பேச்சியின் அம்மா, தலை நிமிராமல். எல்லோரும் சிரித்தார்கள்.

இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். “அம்மிணி, அழுவாத. உம்பட மாநாடு உள்ளார நடக்குது, நீதான் இங்க நிக்கற.”

மாலதி ஓடினாள். பிள்ளைகளும் ஓடினார்கள். பேச்சியின் அம்மா வாசலில் மறித்தாள். “உள்ள வாங்க. கையச் சும்மா வச்சிக்கிட்டு மட்டும் இங்கன உக்காரக் கூடாது.” எங்கள் பிள்ளைகளும் காய் பொறுக்கினார்கள், வெடித்ததை எல்லாம் நல்லதில் போட்டார்கள். “பாலக்காட்டுத் தொரைக்குக் கண்ணு தெரியல” என்று கேலி. களத்தில் சிரித்தவனுக்குத்தான் கேலி அதிகம் கிடைத்தது. அப்புறம் பகல் முழுக்கப் பேச்சு. முளைக்காத விதை விதையா? பெயர் மாறினால் ஆள் மாறுவானா? ஒரு பையன் என்னைக் காட்டி, “படிச்ச பெறகு தாத்தா வேற ஆளா?” என்று கேட்டான். பெரியவர்கள் பேசக் கூடாது என்பது சட்டம். நான் காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

மாலதி பேச்சியிடம் மெதுவாகக் கேட்டாள்: “அங்க ஏன் யாரும் பேசலை?”

“அங்கன பேர் கூப்பிட்டா ‘வந்தாச்சு’ம்போம், வேற பேச்சு கெடையாது. நீங்க பெரிய எடம் கேட்டீங்க, இங்கன அதுதான் இருக்கு.”

இறங்கும்போது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. போடிமெட்டைத் தாண்டியதும் முதல் தமிழ்ப் பலகை வந்தது. படித்தேன். அந்தப் பையனுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று போடி வரை யோசித்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கம்பளியும் எலுமிச்சம்பழமும் மறக்க வேண்டாம். ஜீப்பில் முன்னால் இடம் கேளுங்கள். அறுபது தாண்டியவர்கள் பொள்ளாச்சியிலிருந்து நின்றுகொண்டே போகாதீர்கள். போய்ப் பேச வேண்டுமென்றால் மைதானம் தேடாதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் எங்கே பேசிக்கொண்டிருக்கிறார்களோ அங்கே போய், கைக்கு ஒரு வேலை கேட்டு உட்காருங்கள்.

தலைமை ஆசிரியர் மலைப் பள்ளியை நீக்கவில்லை. அடுத்த மாநாட்டுக்குக் கேள்வி வைக்கும் முறை அவர்களுடையது. போன வாரம் அந்தக் கேள்வியோடு பேச்சியின் அஞ்சலட்டை வந்தது. மாலதி அதை உரக்கப் படிக்காமல் என்னிடம் நீட்டினாள். எழுத்துக் கூட்டி நானே படித்தேன்:

‘பேர் கூப்பிட்டால்தான் பேச வேண்டுமா?’