டர்போவில் போட்ட கீறல்

என் பிக்கப் வண்டிக்கு என் மூத்த மகளைவிட இரண்டு வயது அதிகம். டீசல் வண்டி. பொந்தியானில் உள்ள நாற்றுப் பண்ணைகளில் செடிகளையும் மண் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவின் பெர்மாஸ் ஜெயா பக்கத்து வீடுகளில் இறக்குவதுதான் பன்னிரண்டு வருடங்களாக என் வேலை. காலியாக ஓடும்போது அந்த வண்டியைக் குறை சொல்ல முடியாது. முப்பது மூட்டை மண் ஏறிவிட்டால் மட்டும் மேம்பாலத்தில் இரண்டாவது கியருக்கு இறங்கிவிடும். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். முந்திப் போகும்போது திரும்பிப் பார்த்து, ஓட்டுவது பெண் என்று தெரிந்ததும் அதுதான் காரணம் என்று முடிவு கட்டிக்கொண்டு போவார்கள்.

இந்த வண்டிக்கு டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பி இழுவையைக் கூட்டும் சாதனம், போடலாம் என்று சொன்னவன் என் தம்பி. பதினோரு வருடம் சிங்கப்பூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவன். அந்தப் பட்டறை மூடப்பட்டதும் திரும்பி வந்து, கெலாங் பாத்தாவில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தொழில் செய்தான். என் வண்டியில் இருக்கும் அதே எஞ்சின், டர்போவோடும் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறதாம். ஆகவே பழைய டர்போ ஒன்று கிடைத்தால் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் பொருத்திவிடலாம் என்றான். தன் கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. புது வண்டி வாங்க எனக்கு வழியில்லை என்பது அவனுக்குத் தெரியும். கூலி கேட்காதவன் வேறு எங்கோ எடுத்துக்கொள்வான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அப்படி நினைக்க எனக்குக் காரணம் இருந்தது. பட்டறைக்காரர்கள் என்னை ஏமாற்றியது ஒருமுறை இரண்டுமுறை அல்ல. பழைய பேட்டரியைத் துடைத்துப் புதிய ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் தம்பி விஷயம் அதைவிடப் பழையது. அவனுக்கு இருபது வயது இருக்கும்போது அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கார்புரேட்டர் போய்விட்டது என்று சொல்லி வேறொன்றை மாட்டினான். ஒரு மாதம் கழித்து, அப்பா வண்டியில் இருந்த கார்புரேட்டரை அவன் நண்பனின் வண்டியில் பார்த்தேன். மூடியில் அப்பா பூசியிருந்த பச்சைப் பெயிண்ட் அப்படியே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் “போச்சு, மாத்தணும்” என்று எதைச் சொன்னாலும் அவன் முகத்தை விட்டுவிட்டுக் கையைத்தான் பார்ப்பேன்.

டர்போ வாங்க நானும் கூடப் போனேன். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் வண்டிகளை அடுக்கி வைத்து விற்கும் ஹாஃப்கட் கடை. வண்டிகளின் முன்பாதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை நின்றன. கடைக்காரர் எதைத் தொட்டாலும் நல்லது என்றார். தம்பி ஒரு டர்போவை எடுத்து, உள்ளே இருக்கும் தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தான். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், முன்னும் பின்னும் ஆடக்கூடாது என்று எனக்குச் சொன்னான். பிறகு கடைக்காரரோடு ஹொக்கியன் சீனத்தில் பேசினான். எனக்கு ஹொக்கியன் தெரியாது. பேச்சின் நடுவே இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, விலையைக் குறைக்கத்தான் பேசுகிறேன் என்றான்.

அவன் வேறு சாமான் தேட உள்ளே போனபோது நான் என் வீட்டுச் சாவியை எடுத்தேன். டர்போவின் நத்தை போன்ற அலுமினிய ஓட்டில், காற்று வெளியேறும் வாய்க்கு அருகே, சிறிதாக ஒரு பெருக்கல் குறி கீறினேன். இந்த டர்போதான் என் வண்டியில் ஏறுகிறதா என்று தெரிய வேண்டுமே.

மற்ற சாமான்களைத் தம்பியே தேடிப் பிடித்தான். ஒன்றை மட்டும் என்னை வாங்கச் சொன்னான். டர்போவுக்குள் போகும் எஞ்சின் எண்ணெய் திரும்ப எஞ்சினின் அடித்தொட்டிக்கு இறங்கி வருவதற்கு ஒரு குட்டை ரப்பர் குழாய் வேண்டும். ஜொகூர் பாருவில் ஒரு கடையைச் சொல்லி, அங்கேதான் வாங்க வேண்டும் என்றான்.

“சூடான எண்ணெய் தாங்குற ஹோஸ்னு கேட்டு வாங்குக்கா. தண்ணி ஹோஸ் வாங்கிடாத. பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும்.”

அந்தக் கடைக்குப் போனேன். ஒரு சாண் குழாய்க்கு அவர்கள் சொன்ன விலை எனக்கு அநியாயமாகப் பட்டது. தம்பி பெயரைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மலர்ந்தது வேறு என் சந்தேகத்தைக் கிளப்பியது. இருவருக்கும் ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று முடிவு செய்து வாங்காமல் வந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து இரும்புச் சாமான் கடையில் அதே தடிமனில், அதே கறுப்பில் ஒரு குழாய் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. எண்ணெய் தாங்குமா என்று கேட்டேன். கடைக்காரர் “பொலே, பொலே” என்றபடி வெட்டிக் கொடுத்தார். முடியும் என்று அவர் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது.

தம்பி அந்தக் குழாயை வாங்கி அமுக்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அந்தக் கடையிலதான வாங்குன? ஆயில் ஹோஸ்னா மேல எழுத்து இருக்கும், இதுல ஒண்ணும் காணோமே.”

“வெட்டுனப்போ எழுத்து அந்தப் பக்கத் துண்டுல போயிருக்கும்” என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுக் குழாயை எடுத்து வைத்தான். நான் சொன்னதை அப்படியே நம்பினான். எவ்வளவு எளிதாக ஒருவனை நம்ப வைக்க முடிகிறது என்று அந்த நேரத்தில் யோசித்தேனே தவிர, நான் செய்தது என்ன என்று யோசிக்கவில்லை.

வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவன் கையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவன் அடித்தொட்டியைக் கழற்றி, துளை போட்டு, கழுவி, திரும்ப மாட்டினான். வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், வீட்டுக்குப் போய் சாயங்காலம் வா என்று இரண்டுமுறை சொன்னான். நான் இல்லாமல் செய்ய அவனுக்கு ஏதோ வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப் போட்டேன். பட்டறைத் தவுக்கே, அறுபதைத் தாண்டிய மனிதர், எனக்கு ஒரு குவளை தேநீர் அனுப்பினார். இரண்டாவது ஞாயிறு ஒரு வாடிக்கையாளர் அவசரமாகக் கூப்பிட்டதால் இரண்டு மணி நேரம் போய்வர வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது டர்போ எஞ்சினில் ஏறியிருந்தது.

அழுத்தத்தைக் குறைவாகத்தான் வைத்திருப்பதாகவும், கிழட்டு எஞ்சினை ரொம்ப விரட்டினால் தாங்காது என்றும் சொல்லிச் சாவியைக் கொடுத்தான். மறுநாள் முப்பது மூட்டையோடு மேம்பாலம் ஏறினேன். மூன்றாவது கியரிலேயே ஏறியது. முன்னால் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. பாலத்தின் உச்சியில் நான் தனியாகச் சிரித்தேன்.

அந்தச் சந்தோஷம் அடுத்த நாள் காலைவரைதான். பானெட்டைத் திறந்து பார்த்தேன். டர்போவின் மேல்பக்கத்தில் என் பெருக்கல் குறி இல்லை. துணியால் துடைத்தேன், கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். வழுவழுப்பான அலுமினியம்தான் இருந்தது.

என் கணவரிடம் சொன்னேன். சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், தம்பியையே கேட்டுவிடு என்றார். நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் பதில் தயார் செய்துகொள்வான். அவனே சொல்கிறானா பார்ப்போம் என்று இருந்தேன். மூன்று வாரம் அந்த வண்டியை ஓட்டிய பாடு எனக்குத்தான் தெரியும். விசில் சத்தம் கூடினாலும் சந்தேகம், குறைந்தாலும் சந்தேகம். அவன் போன் செய்து வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கும்போதெல்லாம், ஏன் இவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டு, ஓடுது என்று ஒரே வார்த்தையில் முடித்தேன்.

நான்காவது வாரம் புகைக்குழாயில் நீலப் புகை வந்தது. எஞ்சின் எண்ணெய் ஒவ்வொரு நாளும் இறங்கியது. பெர்மாஸ் ஜெயாவில் தெரியாத ஒரு பட்டறையில் நிறுத்திக் காட்டினேன். அங்கிருந்தவர் ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. டர்போ செத்துவிட்டது, குப்பையில் கிடந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார்கள் என்றார். யார் மாட்டியது என்று கேட்டார். என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

அங்கிருந்து நேராக கெலாங் பாத்தாவுக்குப் போனேன். தம்பி ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். தவுக்கே தன் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்திய வேகத்திலேயே பேச ஆரம்பித்தேன். தவுக்கேக்கும் புரியட்டும் என்று வேண்டுமென்றே மலாயிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசினேன். நான் வாங்கிய நல்ல டர்போவை வேறு யாருக்கோ விற்றுவிட்டு எனக்குக் குப்பையை மாட்டியிருக்கிறான், இது இவனுக்குப் புதிதில்லை, அப்பாவின் மோட்டார் சைக்கிளிலேயே செய்தவன் என்றேன். தவுக்கே கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

தம்பி வேனுக்கு அடியிலிருந்து வந்து கையைத் துடைத்தான். நீளக் கம்பியின் முனையில் பொருத்திய சிறிய கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து, டர்போவின் அடிப்பக்கம் நீட்டி, கைவிளக்கை அடித்தான்.

“வந்து பாருக்கா.”

கண்ணாடியில் என் பெருக்கல் குறி தெரிந்தது.

“காத்து வெளிய போற வாய் உன் வண்டிக்கு வேற பக்கம் இருக்கணும். போல்ட்ட லூஸ் பண்ணி அந்த நத்தை ஓட்டத் திருப்பி வச்சேன். நீ போட்ட கோடு அடியில போயிருச்சு” என்றான். கைவிளக்கை அணைத்தபடி, “கழுவும்போதே பாத்தேன். நீ எதுக்குப் போட்டிருக்கன்னு தெரிஞ்சுச்சு” என்றான்.

பிறகு வண்டிக்கு அடியில் புகுந்து அந்த ரப்பர் குழாயைக் கழற்றினான். பிளேடால் நீளவாக்கில் கிழித்து விரித்தான். உள்பக்கம் ஊறி, கொழகொழவென்று உப்பி, எண்ணெய் போகும் வழி பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இறங்க வழியில்லாத எண்ணெய் டர்போவுக்குள் தேங்கி, புகைக்குழாய் பக்கம் கசிந்து எரிந்திருக்கிறது. டர்போவில் ஒரு குறையும் இல்லை.

“இது எங்க வாங்குனது?”

உண்மையைச் சொன்னேன். இரும்புச் சாமான் கடை என்றும், கமிஷன் இருக்கும் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். அந்தக் கடைக்காரர் சிங்கப்பூரில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர், அதனால்தான் முகம் மலர்ந்திருக்கும் என்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், ஒன்றரை மணி நேரத்தில் சரியான குழாயோடு வந்து, மாட்டி, எண்ணெய் ஊற்றி ஓடவிட்டான். புகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது. அப்பாவின் கார்புரேட்டரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் ஒரு தட்டுப் பலகாரத்தோடு போனேன். தவுக்கேயின் சாமான் அறைக் கதவில் பெரிய பூட்டு ஒன்று புதிதாகத் தொங்கியது. முன்பெல்லாம் தம்பி உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள்வான். இப்போது ஒவ்வொரு ஸ்பேனருக்கும் தவுக்கேயைக் கேட்டுக்கொண்டு நின்றான். நான் தவுக்கேயிடம் போய், தவறு என்னுடையது, நான் வாங்கிய குழாய்தான் கெட்டது, என் தம்பி எதையும் திருடவில்லை என்று எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கமாகச் சொன்னேன். அவர் சிரித்த முகத்தோடு முழுவதும் கேட்டார். “தா அப்பா லா” என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். பூட்டு அப்படியே இருந்தது. மறுமுறை போனபோதும் இருந்தது. சொந்த அக்காவே சொன்னதை அவர் எப்படி மறப்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் இரண்டு பூட்டு போட்டிருப்பேன்.

மூன்று மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு அந்த மூலையைக் காலி செய்துவிட்டுக் கூலாய் என்ற ஊருக்குப் போய்விட்டான். நான் கேட்டதற்கு, வாடகை குறைவு என்று காரணம் சொன்னான். இருக்கலாம்.

என் வண்டியை இன்னும் அவன்தான் பார்க்கிறான். முப்பத்தைந்து மூட்டை ஏற்றினாலும் பாலத்தில் திணறுவதில்லை. ஆனால் இப்போது எந்தச் சாமானைக் கழற்றினாலும் முதலில் படம் எடுத்து என் போனுக்கு அனுப்புகிறான். புதிதாக வாங்கியதைப் பெட்டியோடு ஒரு படம், மாட்டிய பிறகு ஒரு படம். பழையதைக் கழுவி, பிளாஸ்டிக் பையில் போட்டு, முன் இருக்கையில் வைத்துவிடுகிறான். போன மாதம் பிரேக் மாற்றியபோது, இதெல்லாம் எனக்கு அனுப்ப வேண்டாம், நான் கேட்கவில்லையே என்றேன்.

“இருக்கட்டும்க்கா. நீங்க ஒரு தடவ பாத்துக்குங்க” என்றான்.

சின்ன வயதிலிருந்து என்னை நீ என்றே பேசி வந்தவன் அவன்.