பெயிண்ட் கடை டி.வி.ஆர்.

அம்மா ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்த அந்த வாரத்தில் எனக்குப் பதினொரு வயது. கருங்குழியில் ஒரு தனியார் நர்சரி பள்ளியின் வேனில் அவள் ஆயாவாக இருந்தாள். காலையில் படாளம் பக்கத்துக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போவதும், பிற்பகலில் அவரவர் நிறுத்தத்தில் இறக்கி வீட்டார் கையில் ஒப்படைப்பதும் வேலை. கையில் ஒப்படைப்பது என்பதை அம்மா அப்படியே எடுத்துக்கொண்டவள். வீட்டார் வரவில்லையென்றால் குழந்தையைத் திரும்ப வேனில் ஏற்றிக்கொள்வாளே தவிர, வாசல்வரை வந்துவிட்டதே என்று விட்டுவிட்டு வரமாட்டாள்.

ஒரு வியாழக்கிழமை யு.கே.ஜி. சிறுமி ஒருத்தி ஜி.எஸ்.டி. ரோட்டோரம் தனியாக நின்றுகொண்டிருந்தாள். லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகிற இடம். அவள் ரோட்டில் காலை வைத்த நேரத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பார்த்து, ஓடிப்போய் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நிறுத்தத்துக்கு அவளை அழைத்துப்போக வருகிற தாத்தா, தான் அன்றைக்குக் குழந்தையைப் பார்க்கவே இல்லை என்று பள்ளியில் போய்ச் சொல்லிவிட்டார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர், இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டைக்காரர். அவர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. வேன் டிரைவரோ, தான் கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

பள்ளி மேனேஜர் ஒரு கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார். குழந்தையை ஒப்படைக்காமல் விட்டது என் கவனக்குறைவு, மன்னிக்கவும் என்று இருந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும், இல்லையென்றால் இல்லை. லாரி ஓட்டுகிற அப்பா அப்போது ஆந்திரா பக்கம் போயிருந்தார். போனில் அவர் சொன்னது வீடு முழுக்கக் கேட்டது.

“போட்டுட்டு வேலய பாரு. ஒரு கையெழுத்துல இன்னா பூடப் போவுது?”

“என் பேரு பூடும்” என்றாள் அம்மா. “நான் கையில புட்ச்சு குடுத்தேன். குடுக்கலன்னு எழுதி அதுக்குக் கீழ நானே கையெழுத்துப் போடணுமா? போட மாட்டேன்.”

அந்த நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பெயிண்ட் கடை. அதன் நெற்றியில் தெருவைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள். கடைக்காரர் சிரித்தார். இடி விழுந்ததில் கேமராவுக்கான மானிட்டர் போய் ஒரு வருடம் ஆகிறது, அதை மாட்டிவிட்டுப் போன ஆளின் நம்பரும் இப்போது வேலை செய்வதில்லை. மேசைக்கு அடியில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், தூசு மூடிய ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது.

“அதான் டி.வி.ஆரு, கேமரா படத்த சேத்து வெக்கிற பொட்டி. நெஜமா ரெக்கார்டாவுதா இல்ல சும்மா எரியுதான்னு எனுக்கே தெரியாது எம்மா.”

“லைட்டு எரியுதில்ல அண்ணாத்த? ரெண்டு நாளிக்கி குடு. நான் பாத்துக்கறேன்.”

“எட்த்துகினு போ. ஆனா ஒண்ணும் வராது.”

ஒன்றும் வராது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அம்மாவுக்கு அது வந்தே தீரவேண்டும். பெட்டியையும் அதற்கான மவுஸையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினாள். மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரின் முழங்கை படாமல் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு இலவச டி.வி.க்கு எதிரே நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். முதல் தகராறு ஒயரில். பெட்டியின் பின்னால் இருந்த துளை வேறு, டி.வி.யின் மஞ்சள் துளை வேறு. நான் சைக்கிளை மிதித்துக் கேபிள்காரர் வீட்டுக்குப் போய், இரண்டையும் இணைக்கிற ஒரு குட்டிப் பின் வாங்கி வந்தேன். மாட்டினால் திரை நீலமாக நின்றது. டி.வி. ரிமோட்டில் ஏவி என்ற பொத்தானை ஒரு தடவைக்கு மேல் அழுத்தவேண்டும் என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் போனது.

படம் வந்ததும் பெட்டி கத்த ஆரம்பித்தது. விடாமல் கீங் கீங் என்று. ஹார்டு டிஸ்க் இல்லை என்று திரையில் எழுத்து. பக்கத்து வீட்டில் என்ன சத்தம் என்று கேட்டார்கள். அம்மா காய் நறுக்குகிற கத்தியின் முனையால் நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தாள். பஸ் குலுக்கலில் ஒரு பட்டை ஒயர் பாதி கழன்று தொங்கியது. அதை நான் விரலால் அழுத்தியதும் க்ளிக் என்றது. கத்தல் நின்றது. அந்த விரலை அன்றைக்கு நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து கடவுச்சொல். கடைக்காரருக்குப் போன் போட்டோம். “எனுக்கு இன்னாம்மா தெரியும், மாட்டுன ஆளு சும்மா வர்சையா அமுக்குவான்” என்றார். எந்த வரிசை என்பது தெரியாமல் ஐந்து தடவை தப்பாகப் போட்டோம். பெட்டி பூட்டிக்கொண்டது. ஸ்விட்சை அணைத்துப் போட்டேன். திறந்தது. மறுபடி பூட்டியது, மறுபடி அணைத்தேன். கடைசியில் ஒன்றிலிருந்து ஆறு வரை அமுக்கியபோது உள்ளே விட்டது. இவ்வளவுக்கு அப்புறமும் வியாழக்கிழமையின் தேதியைக் கொடுத்துத் தேடினால், பதிவு இல்லை என்று வந்தது. முந்தின நாள் இல்லை. அந்த மாதமே இல்லை.

அம்மா அப்போதுதான் முதல் தடவையாகச் சுவரில் சாய்ந்தாள். “பேஜாரு புட்ச்ச பொட்டி” என்றாள். நான் அழுதேனா என்று நினைவில்லை. ஆனால் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் மணி பன்னிரண்டேகால், தேதி இரண்டாயிரமாம் வருடம் ஜனவரி ஒன்று. ஒவ்வொரு முறை நான் அணைத்துப் போட்டபோதும் அந்தக் கடிகாரம் சரியாக அதே நள்ளிரவில் தொடங்கியது எனக்கு உறைத்தது.

“எம்மா, கரண்டு பூட்டு வந்தா இதுக்குத் தேதி மறந்து பூடுது. உள்ள கீற பட்டன் பேட்டரி செத்துகீது.”

“அப்ப?”

“அப்ப எல்லாம் ஜனவரில கீது.”

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தியிருந்தார்கள். மாலை நாலு மணிக்குத்தான் வந்தது; பெட்டிக்கு அதுதான் ஜனவரி ஒன்று நள்ளிரவு. அதற்குப்பின் இரண்டு நாள் போகவில்லை. நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை வேன் அங்கே வந்த மூன்று நாற்பது என்பது பெட்டியின் கணக்கில் ஜனவரி இரண்டு, இரவு பதினொன்று நாற்பது. அந்தத் தேதியில் ஒரு வருடத்து மின்வெட்டுகளுக்குப் பிந்திய பதிவுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக ஓட்டினோம். மூன்றாவதில் வேன் வந்து நின்றது.

இரவு பதினொன்று நாற்பது என்று எழுதியிருந்த திரையில் வெயில் கொளுத்தியது. அம்மா இறங்குகிறாள். குழந்தையை இறக்குகிறாள். வெள்ளைச் சட்டைத் தாத்தா வருகிறார். குழந்தையின் கையை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு, பையையும் அவர் தோளில் மாட்டிவிட்டு, அம்மா ஏறிக்கொள்கிறாள். வேன் போகிறது.

நான் கைதட்டிக்கொண்டு எழுந்தேன். அம்மா என்னை உட்காரச் சொன்னாள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தாத்தா பத்தடி நடந்தார். நின்றார். குழந்தையின் கையை விட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தோளில் இருந்த பையைக் கழற்றி, அது யாருடையது என்பதுபோலப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கடைப்படியில் வைத்தார். பிறகு குனிந்து, வேறு யார் வீட்டுக் குழந்தையையோ கொஞ்சுவதைப்போல அதன் தலையைத் தடவிச் சிரித்துவிட்டு, தனியாக நடந்து போய்விட்டார். குழந்தை சற்று நேரம் நின்றது. பின் பையை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் நடந்தது.

“பாத்தியா, வுட்டுட்டுப் போறாரு. பொய்க்காரரு” என்றேன்.

அம்மா அந்தக் கடைசிப் பகுதியை இன்னும் இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். மேனேஜரையும் டிரைவரையும் தெருவையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டப்போகிறோம் என்று காலையில் அவளேதான் சொல்லியிருந்தாள். யார் யார் எங்கே உட்காருவார்கள் என்றுகூட நான் முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலை அவள் என்னை அனுப்பியதோ, குழந்தையின் அம்மாவை மட்டும் கூட்டிவர.

அந்த அக்கா நாவலூரில் வேலைக்குப் போகிறவர். சண்டைக்கு வருகிற முகத்தோடுதான் வந்தார். படம் முடியும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

“போன மாசம் மாமா கேஸ் அடுப்பைத் திறந்து வெச்சிட்டு வெளிய போயிட்டார். வயசாச்சுன்னு நெனச்சோம்” என்றார்.

“டாக்டர்கிட்ட காட்டுங்க” என்றாள் அம்மா. “இத நான் யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனா அந்த லெட்டர்ல கையெழுத்தும் போட மாட்டேன். நாளிக்கி நீங்க ஸ்கூலுக்கு வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

திங்கட்கிழமை நான் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு அவளோடு போனேன். மேனேஜர் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். அம்மா கடிதத்தை ஒரு விரலால் அவர் பக்கம் தள்ளினாள்.

“நீங்க ஒப்படைச்சதுக்கு ஆதாரம் இருக்கா?”

“கீது. காட்ட மாட்டேன் சார்.”

“அப்ப எப்படி நம்பறது?”

“அது உங்க இஷ்டம். நான் குடுத்தேன். வேலய வுட்டு அனுப்பினாலும் குடுத்தேன்னுதான் சொல்லுவேன்.”

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வீட்டில் ஆதாரத்தை வைத்துக்கொண்டு இப்படி நிற்கிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. அப்போது அந்த அக்கா உள்ளே வந்தார். தப்பு தங்கள் வீட்டுடையது என்று நின்றபடியே இரண்டு வாக்கியத்தில் சொன்னார். மேனேஜர் கடிதத்தைக் கிழித்தார். அம்மா கிழிந்த துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்று மாலை போய்ப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தோம். “இன்னா, வந்துச்சா?” என்றார் கடைக்காரர். “ஒண்ணும் வரல அண்ணாத்த” என்றாள் அம்மா. “நான்தான் சொன்னேனே” என்று அவர் சிரித்தார். வந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளியது இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது. என் வாழ்க்கையின் முதல் வெற்றியை அவள் இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டாள். அதற்காக ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இப்போது நானும் நாவலூரில் ஒரு கம்பெனியில், பழுதான டிஸ்க்குகளிலிருந்து வராத படங்களை வரவழைக்கிற வேலைதான் பார்க்கிறேன். எனக்குப் பதினொரு வயதாக இருந்த அந்த வருடக் கோடை விடுமுறையில் ஒருநாள், அம்மாவோடு கடைக்குப் போகும்போது அந்தத் தாத்தாவைப் பார்த்தோம். மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை அப்போதும் வெள்ளையாகவே இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பி, “நீங்க ஊருக்குப் புதுசா?” என்று கேட்டார். அம்மா நின்று, தன் பெயரையும் எந்தத் தெரு என்பதையும் நிதானமாகச் சொன்னாள். நாலு அடி போனதும் அவர் திரும்பி அதையே கேட்டார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள், முதல் தடவை சொல்வதுபோலவே. இவ்வளவு நடந்தபிறகும் எங்களைத் தெரியாததுபோல நடிக்கிறாரே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் காதில் விழும்படி “பொய்க்காரரு” என்றேன். அவர் என்னைப் பார்த்து, என் தலையைத் தடவிச் சிரித்தார்.