நானாக விலகவில்லை

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு புடவைக் கடையில் பல வருடங்கள் கல்யாணக் கூறைச்சேலை விற்றேன். நான் அதிகம் கதைக்க மாட்டேன். கூறை எடுக்க வருகிறவர்களிடம் கதைக்கத் தேவையுமில்லை. சேலையை விரித்துவிட்டால் அவர்களே சண்டை பிடித்து முடிவெடுப்பார்கள்.

என் மகனுக்குப் பிறவியிலிருந்தே நடக்க முடியாது. பேச்சும் இழுத்துத்தான் வரும். பகலில் என் தங்கை அவனைப் பார்த்துக்கொள்வாள். அவனைச் சொல்லி நான் லீவு கேட்டதேயில்லை.

ஒரு நாள் மாங்கேணியிலிருந்து கூறை எடுக்க ஒரு கூட்டம் வந்தது. அதில் ஒருத்தி நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, வாழ்க்கைப்பட்டவள். நான் விரித்த சேலையைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் தாயிடம் சொன்னாள்:

"மாமி, இவவுட பிள்ளைதான் நடக்கமாட்டாம இரிக்கிறது. கூறைய வேற ஆக்கள எடுத்துத் தரச் சொல்லுங்க."

கடை பூட்டும்போது முதலாளி கூப்பிட்டார்.

"இனி முன்னுக்கு நிக்க வேணாம் தங்கச்சி. நான் இதெல்லாம் நம்புற ஆளில்ல. ஆனா மங்கல காரியத்துக்கு வாற சனம். அந்தப் பிள்ளையப் பெத்த கை எண்டு யோசிக்கும்தானே."

மேல்மாடிக் களஞ்சியத்தில் மூட்டை தூக்கவிட்டார். பிறகு கக்கூஸ் கழுவும் வாளியும் என் கைக்கு வந்தது. அதற்கு மட்டும் என் கை ஆகும். கடையில் சனம் நின்றால் கீழே இறங்கக் கூடாது. சாப்பாட்டுப் பெட்டியோடு படியில் காத்திருப்பேன். ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குப் போய்விட்டேன். பிறகு கடைப்பக்கம் போகவில்லை.

தொழில் நியாய மன்றில் வழக்கு வைத்தேன். விசாரணையன்று தங்கைக்குக் காய்ச்சல். மகனையும் கூட்டிப் போனேன். சனம் இருக்கிற வாங்குகளுக்கு நடுவே சக்கர நாற்காலி போகாததால் அவனைக் கதவடியில் விட்டேன்.

"முதலாளி உங்களைப் போகச் சொன்னாரா?" என்று அவருடைய சட்டத்தரணி கேட்டார்.

"இல்லை."

"முன்னுக்கு நிற்க வேண்டாமென்று சொன்னதற்கு ஏதும் காரணம் சொன்னாரா?"

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 'பெத்த கை' என்ற அந்தச் சொல்லை அவன் காதுபட நான் எப்படிச் சொல்வது?

"ஒன்றும் சொல்லவில்லை" என்றேன்.

நானாகவே விலகினேன் என்று தீர்ப்பு வந்தது. நானாகவாம்! வாளியை நானாகவா தூக்கினேன்? படியில் நானாகவா பசி கிடந்தேன்?

என் சட்டத்தரணி சின்னப் பிள்ளை, ஆனால் விடுகிற ஆளில்லை.

"மகன ஒதுக்கினா கேக்கச் சட்டம் இரிக்கு அக்கா. மகனச் சொல்லித் தாய ஒதுக்கினா என்ன எண்டு தெளிவா ஒண்டுமில்ல. ஆனா போகச் சொல்லாம போகவைக்கிறதும் வேலையால நிப்பாட்டுறதுதான். அப்பீல் போடுவம்."

'சனம் கதைக்கும் என்றுதான் மேலே அனுப்பினேன்' என்று முதலாளியே சாட்சியத்தில் சொல்லியிருந்தார். அதைக் கவனிக்காமல் தீர்ப்பளித்தது பிழை என்று மேல் நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியது. நான் திரும்பவும் சாட்சி சொல்ல வேண்டும்.

"நீ இந்த முறை வீட்ட நில்லு மனே," என்றேன்.

"ஏன்? பெத்த கை கதையா?" என்றான். "ஒழுங்கை முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியாதா?"

நான் அவனுடைய நாற்காலிச் சக்கரத்தைத் துடைக்கக் குனிந்தேன்.

"நானும் வாறன். கதவடியில விடாதீங்க. அந்த வாங்குகள இழுத்துப் போட்டுட்டு என்னை முன்னுக்கு வைங்க."