சிவதாணு அண்ணாச்சி மீட்டுத் தந்த எழுத்து

செவ்வாய்க்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது செல்பேசி அடித்தது. சிவதாணு அண்ணாச்சி அவர்களின் மகள் பேசினாள். "டீச்சரே, அப்பா போயிட்டாரு. காலைல எழும்பினதும் நெஞ்சு வலிக்குன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள..." அதற்கு மேல் தமிழ் வராமல் மலையாளத்துக்குப் போய்விட்டாள். எனக்கு எந்த மொழியும் வரவில்லை. குடையில்லாமலே இறங்கி நனைந்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பாத்திரக்கடை. அதன் மாடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அண்ணாச்சி. வயது ஐம்பத்திரண்டு. அவருடைய தகப்பனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து சாலைக் கடைத்தெருவில் காய்கறி விற்றவர். அண்ணாச்சி பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில்தான். முதலில் ரேடியோ, பிறகு டிவி, அதற்கும் பிறகு கம்ப்யூட்டர் என்று காலத்தோடு கூடவே திருப்புளியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். நான் பக்கத்தில் ஸ்ரீவராகத்தில் வாடகை வீட்டில் இருப்பவள், ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். கேரளத்து வழக்கப்படி அவருக்கு நான் டீச்சர்.

என் முதல் கம்ப்யூட்டரை உருப்படி உருப்படியாக வாங்கிப் பூட்டித் தந்தவர் அவர்தான். ஸ்பீக்கரும் வேண்டும் என்றேன். "எழுதத்தானே வாங்குகீங்க? பாட்டு கேக்க ஆரம்பிச்சா எழுத்து நடக்காது டீச்சரே" என்று தர மறுத்துவிட்டார். வியாபாரம் செய்யத் தெரியாத மனிதர் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் ஸ்டூலில் உட்கார வைப்பார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்க மாட்டார். "இதுல எது போனா அழுவீங்க? அத மட்டும் சொல்லுங்க" என்பார். சொல்வதை மலையாளத்தில் எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, சீட்டு விளையாட்டில் தான் எடுத்த பாயிண்ட் என்றார். அண்ணாச்சி சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஆறு வருடங்களுக்கு முன் என் முறை வந்தது. போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பாடும் தாலாட்டும் ஒப்பாரியும்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. எட்டு வருடம் இழுத்துவிட்டேன். பல்கலைக்கழகம் இரண்டு முறை கெடு நீட்டித் தந்து, இதுதான் கடைசி என்று கடிதமும் எழுதிவிட்டது. பட்டம் இல்லையென்றால் அடுத்த வருடம் கல்லூரியில் இடமில்லை. பாட்டுகளை எழுதிவைத்த நோட்டுகளில் பாதியைச் செல்லரித்திருந்தது. பாடியவர்களில் மூன்று பேர் இறந்திருந்தார்கள். ஏழு அத்தியாயமும் கம்ப்யூட்டரில் மட்டும்தான் முழுசாக இருந்தன. வேறெங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. தமிழ் படித்தவளுக்கு வருமுன் காப்பது பற்றிக் குறள் தெரியும், அவ்வளவுதான்.

கெடுவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் கம்ப்யூட்டர் உயிரை விட்டது. ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனேன். அண்ணாச்சி மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மதர்போர்டு போயாச்சு. இந்தக் குட்டி டப்பா எல்லாம் வீங்கி நிக்கு, பாத்தேளா? கப்பாசிட்டராக்கும். போர்டை மாத்தணும்."

"என் தீசிஸ்?"

"அது ஹார்ட் டிஸ்க்குல சுகமா இருக்கு. பயப்படண்டாம். ஆனா புது போர்டு வேற ஜாதி, பழைய விண்டோஸ் அதுக்கு ஒத்துப்போகாது. ஒண்ணு செய்வோம். ஃபைலை எல்லாம் என் சிஸ்டத்துல எடுத்து வச்சுட்டு, டிஸ்க்கைத் துடைச்சு, விண்டோஸைப் புதுசாப் போட்டுத் தாரேன். சொல்லுங்க, எது போனா அழுவீங்க?"

"ஏழு அத்தியாயம். வேற எதுக்கும் அழமாட்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. "எல்லாத்தையும் துறந்து பாத்தாச்சு, தமிழ் நல்லா வருது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். திறந்து என்பது அவர் வாயில் துறந்துதான். நானும் திறந்தேன். ஏழு ஃபைலும் இருந்தன. பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத்தும் இருந்தது. ஆனால் ஒரு சொல்லுக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'ழூ' என்று ஆரம்பித்து 'ஙெ' என்று முடிகிற வார்த்தைகள்.

அந்த நாளில் தமிழுக்கு ஆளாளுக்கு ஒரு ஃபாண்ட் இருந்தது. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ழூ' இருக்கும். என்னுடையது நாகர்கோவிலில் ஓர் அச்சகக்காரர் தாமே செய்து ஃபிளாப்பியில் தந்தது. ஃபைலை எடுத்து வைத்த அண்ணாச்சி அந்த ஃபாண்டை எடுக்கவில்லை. அவர் கடையில் இருந்த வேறொரு தமிழ் ஃபாண்டை வைத்துத் திறந்திருக்கிறார், அதையே என் கம்ப்யூட்டரிலும் போட்டிருக்கிறார். பழையதைத் துடைத்தாயிற்று. ஃபிளாப்பியைத் தேடி எடுத்தால் அதில் பூஞ்சை பிடித்திருந்தது. அச்சகக்காரர் வளைகுடா போய்ச் சேர்ந்துவிட்டார், முகவரி யாருக்கும் தெரியவில்லை. எழுத்துக்கு எழுத்து நானே மாற்றித் தட்டலாம் என்றால் மிச்சமிருந்தது ஒன்பது நாள்.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிப் போனேன். கடையில் வேறு இரண்டு பேர் இருந்தார்கள். எதையும் பார்க்கவில்லை.

"நல்லாப் பாத்தேன்னு சொன்னேளே அண்ணாச்சி! எங்க, இதுல ஒரு வரி வாசிங்க பாப்போம்! வாசிங்க!"

நான் பிரிண்ட் எடுத்துப்போயிருந்த தாளை அவர் வாங்கிப் பார்த்தார். எழுத்துகளின் மேல் விரல் போயிற்று, நின்றது. அந்த இரண்டு பேரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது டீச்சரே."

நான் நம்பவில்லை. என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறவர். கடையில் தமிழ்த் தேதி காலண்டர், தினமும் தாள் கிழிப்பார். அவருக்கு அதில் எண் மட்டும்தான் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"படிச்சது மலையாளம் ஸ்கூல்ல. அம்மை தமிழ் பேசுவா, எழுத்து அவளுக்கும் தெரியாது. கல்யாண லெட்டர் தந்தா, பாத்துட்டு 'வந்துருகேன்'னு சொல்லுவேன். வீட்டுல போய் பொண்டாட்டிகிட்ட கேட்டுக்கிடுவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்க ஃபைலைத் துறந்தேன், தமிழ் எழுத்து மாதிரி இருந்துது. சரியாத்தான் இருக்கும்னு துடைச்சுட்டேன். தப்பு என்னோடதாக்கும்."

தப்பு அவருடையது மட்டுமில்லை. அப்படி ஒரு ஃபாண்ட் இருப்பதை நானும் சொல்லவில்லை. அன்றைக்கு அதை ஒத்துக்கொள்ளும் பெருந்தன்மை எனக்கு இல்லை. நாலு பேர் முன்னால் ஒரு மனிதரை இப்படிச் சொல்ல வைத்துவிட்டோமே என்ற வெட்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழுகையை நிறுத்தச் சொல்லவில்லை. "அந்த டிஸ்க்குல இனி ஒரு எழுத்தும் எழுதப்படாது. இப்பவே கொண்டு வாங்க" என்றார்.

துடைத்த டிஸ்க்கிலும் பழைய ஃபைல்கள் உடனே அழிவதில்லையாம். மேலே புதிதாக ஏதாவது எழுதும்வரை கிடக்குமாம். புது விண்டோஸ் எவ்வளவை மூடியது என்பதுதான் கேள்வி. அண்ணாச்சி என் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டி, அழிந்ததைத் தேடும் ஒரு மென்பொருளை ஓட விட்டார். ஒரு பகல் முழுக்க ஓடியது. ஃபாண்டுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்தான்.

மற்ற வேலைகளை எல்லாம் ஒதுக்கி வைத்தார். நானும் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே ஓடி வருவேன். அவர் ஒவ்வொரு ஃபாண்டாகப் போட்டு என் ஆய்வின் ஒரு பக்கத்தைத் திறப்பார். என் முகத்தைப் பார்ப்பார். நான் இல்லையென்று தலையாட்டினால் அடுத்தது. சில உடைந்து கிடந்தன, திறக்கவே இல்லை. அவர் கை திறக்கும், என் கண் வாசிக்கும். இரண்டும் சேர்ந்துதான் அங்கே ஒரு ஆள். மூன்றாம் நாள் எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. "போதும் அண்ணாச்சி" என்றேன். "இன்னும் கொஞ்சம்தான் கெடக்கு. பாத்துட்டு அழுதுக்கிடலாம்" என்றார்.

நான்காம் நாள் மத்தியானம் ஒன்றைப் போட்டார். நான் வாய்விட்டே வாசித்துவிட்டேன்:

"கொழுந்து கிள்ளப் போனவளே, கூடையெங்கே வச்சு வந்தே..."

இருபது வயது மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் பாடியது அது. முதல் வரியோடு நிறுத்திவிட்டேன். அண்ணாச்சி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாசிங்க டீச்சர், மீதியையும் வாசிங்க" என்றார். அந்த ஒப்பாரி முழுவதையும் வாசித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையா நான் துடைச்சேன்" என்றார். நாலு நாளும் அவர் முகத்தில் காட்டாமல் வைத்திருந்த பயம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தேன். பட்டம் வந்தது, வேலையும் நிலைத்தது. இனிப்புக் கொண்டுபோனபோது அவர் ஓர் அட்டையை நீட்டினார். கடையில் மாட்ட இரண்டு வரி தமிழில் எழுதித் தரச் சொன்னார். நான் அழகாக எழுதினேன்: 'தமிழ் ஃபைல்களைப் பெறுமுன் தாங்களே சரிபார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' மறுநாள் ஃபோன் வந்தது. கீழே பாத்திரக்கடைக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"டீச்சரே, நான் சொன்னது இதில்லையே. எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு எழுதுங்க. அப்பத்தானே அடுத்த ஆளு ஜாக்கிரதையா இருப்பாரு."

"எல்லாரும் பாப்பாங்களே அண்ணாச்சி."

"பாக்கட்டும். என் மானத்தைக் காப்பாத்தப் போயி ஒருத்தரோட எட்டு வருசம் போயிருக்கும், அல்லே?"

அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். 'எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. உங்கள் தமிழ் ஃபைலை நீங்களே வாசித்துப் பார்த்த பிறகுதான் பழையதை அழிப்பேன். சிவதாணு.' ஐம்பதை நெருங்கிய மனிதர், வாழ்நாளெல்லாம் மறைத்ததை வாசல் சுவரில் மாட்டிவைத்தார். நான் கற்றுத் தருகிறேன் என்று பலமுறை சொன்னேன். "இனி அதுக்கு எங்க டீச்சர் நேரம், அதான் நீங்க இருக்கீங்களே" என்று சிரிப்பார். கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. அந்த அட்டையையும் கழற்றவில்லை.

பதினாறாம் நாளுக்கு அவரைப் பற்றி எழுதி அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கிறேன் என்று அவர் மனைவியிடம் சொன்னேன். அக்கா அழுகைக்கு நடுவே நிமிர்ந்து பார்த்தார். "அச்சடிச்சா ஊரு வாசிக்கும். அவரு எப்படி வாசிப்பாரு? நீங்க வந்து சத்தமா வாசிங்க" என்றார்.

வருகிறேன், அண்ணாச்சி. முன்னறையில் உங்கள் படத்துக்கு எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசிக்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று அடுத்ததைத் திறந்து தர மாட்டீர்கள் என்பதுதான் தாங்கவில்லை. ஆனாலும் ஒரு வரி விடமாட்டேன். கேட்டுவிட்டுப் போய் வாருங்கள்.