செசிலியின் ஒறுத்தல்

புதுக்கடைச் சந்தையில் மீன் விற்கும் செசிலிக்கு எலும்பில் புற்றுநோய். வலிக்கு மார்பினோடு இன்னொரு சின்ன மாத்திரையும் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியதும், கடவுளுக்காக ஏதாவதொன்றைத் துறக்கும் ஒறுத்தலாக அந்தச் சின்ன மாத்திரையை விட்டுவிட்டாள். நாலே நாளில் வலி கூடியது.

வீட்டுக்கு வந்த நர்ஸ் பெமிலா காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "அக்கா, வலி தண்டுவடம் வழியாத்தான் மூளைக்குப் போவும். மார்பின் அங்க கதவை அடைக்கும். நம்ம உடம்புல ஊறுற ஒரு ரசாயனம் அதுக்குத் தாழ்ப்பாள் போடும். அதைக் கூட்டுறதுதான் சின்ன மாத்திரை. அதை விடாதீங்க."

"அப்போ நான் எதை விடுவேன்?"

"ஆட்களை ஏசுறதை விடுங்க."

மறுவாரம் சந்தையில், மீனை அமுக்கி அமுக்கிப் பார்த்தவனைச் செசிலி எழுந்து நின்று ஏசிக்கொண்டிருந்தாள். பெமிலாவைக் கண்டதும் குரல் இறங்கியது.

"இப்பதான் வலியில்லாம நிக்கேன் மக்கா. ஏச்சை அடுத்த தவக்காலத்துல விடுதேன்."